இங்கே நல்ல வெயில்

அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுத்து யாரும் புழங்கியதில்லை. ராணுவ முகாமின் குடியிருப்பில் ஐந்து வயசு வாண்டு முதல் அதிகாரியின் மனைவி வரைக்கும் எல்லோருக்கும் அவள் உஷ் ஆன்ட்டிதான். நூலகத்தில் யாராவது வாயைத் திறந்தால் மேசைக்குப் பின்னாலிருந்து "உஷ்!" என்று ஒரு சத்தம் பாயும். உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டடத்திலேயே அதிகம் சத்தம் போடுகிற ஆள் அவள்தான். அதை அவளிடம் நேரில் சொல்கிற தைரியம் அவள் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

ஐம்பத்திரண்டு வயசு. கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பட்டாளத்து மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷத்தில் பதினோரு வீடு மாறியவள். ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசித்து, சரி அடிக்கலாம் என்று சுத்தியலை எடுக்கும்போது மாற்றல் உத்தரவு வந்து நிற்கும். பாதி வருஷம் அவர் எங்கோ எல்லைப் பக்கம் இருப்பார். இவள் இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஏழாவது முகாமில் பொழுது போகாமல் புத்தகம் எடுக்கப் போனவள், தூசி தட்ட ஆளில்லாததைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தாள். தட்டித் தட்டியே நூலகக்காரி ஆகிவிட்டாள். பிறகு தபால் வழியில் படித்து, பரீட்சை எழுதி, பதினோராவது முகாமில் முறையான வேலை வாங்கினாள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகும் அவள் வேலைக்காக இங்கேயே தங்கிவிட்டார்கள். இப்போது அவள் வீட்டுச் சுவரில் ஏழெட்டு ஆணிகள் இருக்கின்றன. பாதியில் ஒன்றும் தொங்கவில்லை.

கோடை வந்தால் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பள்ளிக்கூடம் மூடியிருக்கும் எட்டு வாரமும் முகாம் நூலகத்தில் கோடை வாசிப்பு நடக்கும். குடும்பத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை. கால் மணி நேரம் படித்தால் அட்டையில் ஒரு தவளை முத்திரை. அப்பா படித்தாலும் கணக்குண்டு, அம்மா படித்தாலும் கணக்குண்டு. கல்யாணமாகாத சிப்பாய்களும் சேரலாம். கடைசியில் குலுக்கலில் ஒரு சைக்கிள் கிடைக்கும் என்பதால் நிறையப் பேர் சேர்ந்திருந்தார்கள். மலையைத் தூக்கி மடியில் வைக்கிற மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, ஒரு தவளை விட்டுப்போச்சு" என்று அவர்கள் வரிசையில் நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் அவளாக இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தாள். எல்லைக்குப் போகிற அப்பாக்களும் அம்மாக்களும் கிளம்புவதற்கு முன்னால் நூலகத்தில் ஒரு கதையை வாசித்துப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போகலாம். பழைய செய்தித்தாள்கள் அடுக்கிக் கிடந்த பின்னறையைக் காலி செய்து, ஒரு நாற்காலியும் மேசையும் போட்டு, நூலகத்துக் கைபேசியை அதில் வைத்தாள். அவர்கள் போன பிறகு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குரல் வீட்டுக்குப் போய்ச் சேரும். நல்ல யோசனைதான். பெரிய அதிகாரியே வந்து கைகொடுத்துப் பாராட்டினார். ஆனால் அவள் அதோடு விட்டாளா? இல்லை. பதிவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு யோசனையும் சொன்னாள்.

"வெறுமன கதைய மட்டும் படிச்சா ரேடியோ மாதிரி இருக்கும். முன்னாடி ரெண்டு வார்த்தை பேசுங்க. 'சாப்பிட்டியா, இங்க நல்ல வெயில், நான் நல்லாருக்கேன்'னு. பக்கத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மற்றவர்கள் ஒரு கதை, இரண்டு கதை என்று முடித்துக்கொண்டார்கள். லாரி டிரைவர் ஒருவர் மட்டும் எட்டு வாரத்துக்கும் படிப்பேன் என்று நின்றார். மலைப்பாதையில் பதினாறு சக்கர வண்டியைப் பின்பக்கமாக ஏற்றுகிற மனிதர். ஆனால் ஒரு நீளமான சொல்லைக் கண்டால் நடுவில் வண்டியை நிறுத்திவிடுவார். உஷ் ஆன்ட்டி ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். எட்டே அத்தியாயம், பெரிய எழுத்து. ஒரே ஒரு கடிதத்தைச் சுமந்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போகிற ஆமைத் தபால்காரரின் கதை. ஆறு சாயங்காலம் அவர் பின்னறையில் வியர்த்து விறுவிறுத்துப் படித்தார். முதலில் விரலை வைத்துப் படிப்பார், பிறகு விரலை எடுத்துவிட்டுப் படிப்பார், அதற்கு அப்புறம்தான் பதிவு.

"வீட்ல எக்ஸ்ட்ரா டியூட்டின்னு சொல்லிருக்கேன் மேடம். நீங்களும் சொல்லிராதீங்க" என்றார் கடைசி நாளில். "எனக்குப் படிக்க வராதுன்னு என் பொண்ணுக்குத் தெரியாது. தெரியாமயே இருக்கட்டும்."

அவளும் சொல்லவில்லை. மனைவியிடம் என்றைக்காவது அவரே சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிட்டாள். எட்டுப் பதிவிலும் அவள் சொல்லிக் கொடுத்தபடியே தொடங்கியிருந்தார்: "கண்ணு, அப்பா பேசுறேன். சாப்பிட்டியா? இங்க நல்ல வெயில்."

டிரைவரின் மனைவி முகாமின் தையல் கூடத்தில் சீருடைச் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கிறவள். இருபத்தெட்டு வயசு, முகாமுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஏழு வயசு மகளை எல்லோரும் வாலு என்று கூப்பிட்டார்கள், காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எல்லையிலிருந்து அவரால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் பேச முடியும். அதுவும் இரண்டு நிமிஷம், அதில் ஒன்றரை நிமிஷம் "கேக்குதா, கேக்குதா"விலேயே போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமைக் குரல்தான் அந்த வீட்டில் பெரிய விசேஷம். குரல் வந்ததும் அம்மாவும் மகளும் மூன்று தடவை கேட்பார்கள். பிறகு சனிக்கிழமை வாலு நூலகத்துக்கு வந்து, ஆமை எதுவரைக்கும் போயிருக்கிறது என்று மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அறிக்கை வாசிப்பாள். உஷ் ஆன்ட்டி அந்த நேரத்தில் மட்டும் உஷ் சொல்வதில்லை.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை மதியம், எல்லையிலிருந்து வருகிற தொலைபேசிகள் எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்துவிட்டன.

இதற்கு என்ன அர்த்தம் என்று முகாமில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், அவர் வீட்டுக்கு முறைப்படி ஆள் போய்ச் சொல்கிற வரைக்கும் அங்கிருந்து ஒருவரும் வெளியே பேசக் கூடாது. அப்படித்தான் வழக்கம். முழுச் சீருடையில் இரண்டு பேர் கறுப்புக் காரில் வருவார்கள். ஐந்து தடவை தொலைபேசி ஓய்ந்தால் நாலு தடவை கம்பி அறுந்தது, இயந்திரம் பழுது என்று ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால் அந்த ஐந்தாவது தடவை இருக்கிறதே, அதற்காகத்தான் பெண்கள் எல்லோரும் வாசலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே சமைப்பார்கள்.

தொலைபேசி ஓய்ந்தது உஷ் ஆன்ட்டிக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல ஒன்பது மணிக்கு ஐந்தாவது அத்தியாயத்தை அனுப்பிவிட்டு, புத்தகங்களுக்கு அட்டை போட உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமைதான் விஷயம் காதுக்கு வந்தது. அப்போதும் அவளுக்குப் பொறி தட்டவில்லை. திங்கட்கிழமை தட்டியது.

அன்றைக்கு நூலகத்தில் பிள்ளைகளை விட அம்மாக்கள்தான் அதிகம். வீட்டில் தனியாக உட்கார முடியாமல் வந்திருந்தார்கள். கையில் புத்தகம், கண் சன்னல் பக்கம். ஒருத்தி அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு நடுவில் டிரைவரின் மனைவி மட்டும் முகம் வாடாமல் இருந்தாள். பக்கத்திலிருந்தவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், இன்னொருத்தியின் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா தைரியமா இருக்க முடியுது?" என்று கேட்டே விட்டாள் ஒருத்தி.

"எனக்கென்ன பயம்? வியாழக்கிழமை லைன் போச்சு. வெள்ளிக்கிழமை காலைல அவரு கதை வந்துச்சு. 'இங்க நல்ல வெயில், நான் நல்லாருக்கேன்'னு சொல்றாரு. வேணும்னா கேட்டுப் பாரு. மத்தவங்க மாதிரி ஒண்ணு ரெண்டு படிச்சு வச்சிட்டுப் போனது இல்ல இது, வாரா வாரம் வருது. ஏதோ ஆபீஸ் லைன் வழியா நம்ம லைப்ரரிக்கு வருதுபோல. இல்லக்கா?"

கடைசிக் கேள்வி உஷ் ஆன்ட்டியைப் பார்த்து. அவளுக்குப் பொறி தட்டியது அப்போதுதான். கையிலிருந்த முத்திரைக் கட்டையை மேசைமேல் வைத்தாள், திரும்ப எடுத்தாள். "ம்" என்றாளா, "உம்" என்றாளா, இல்லை வெறும் மூச்சுத்தான் விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. ஆமாம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"அங்க எல்லாரும் ஒரே எடத்துலதான இருக்காங்க. அவரு நல்லாருந்தா உங்க வீட்டுக்காரரும் நல்லாருப்பாரு" என்று டிரைவரின் மனைவி பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவளின் தோளைத் தட்டினாள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

அந்த மனிதர் வெயில் அடிக்கிறது என்று சொன்னது இந்த நூலகத்தின் பின்னறையில், இரண்டு மாசத்துக்கு முன்னால். அப்போது அவர் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றவள் உஷ் ஆன்ட்டிதான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை தையல் கூடம் வரைக்கும் போனாள். உள்ளே டிரைவரின் மனைவி வாயில் நூலைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் சிரிப்பையும் பிடுங்க வேண்டுமா என்று திரும்பிவிட்டாள். புதன்கிழமை கறுப்புக் கார் ஒன்று முகாம் வாசலைத் தாண்டி நூலகத்துக்கு முன்னால் போனது. அவள் எழுந்து போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்தாள். கார் குடியிருப்புப் பக்கம் திரும்பாமல் நேராக அலுவலகத்துக்குப் போனது. போன பிறகும் கால் மணி நேரம் அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

சொல்லாமலே விட்டுவிடலாம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறதே! ஆறாவது அத்தியாயத்தை அனுப்பினால், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத மனிதரின் வாயால் நல்லாயிருக்கேன் என்று பொய் சொல்லவைத்தது போல ஆகும். அனுப்பாவிட்டால், குரல் வரவில்லை, ஆள் போய்விட்டார் என்று அந்தப் பெண் இடிந்துபோவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக்கொண்டது அவள்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பழைய மேசை விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுத் திருகாணிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்கா இப்படி மாஞ்சு போற? அனுப்பிட்டுப் போ. அந்தப் பொண்ணு நாலு நாள் நிம்மதியா இருக்கட்டும்."

"பொய் இல்லீங்களா அது?"

"பொய்யாவது ஒண்ணாவது. நானே அப்படித்தான பண்ணுவேன்."

"என்ன பண்ணுவீங்க?"

அவர் திருகாணியைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். வாய் தவறிவிட்டது என்று அவருக்கே தெரிந்துபோயிற்று.

"அது... லெட்டர் எழுதுறது எனக்கு வராதுல்ல. மாசத்துக்கு ஒரு நாள் உக்காந்து நாலு லெட்டரையும் ஒண்ணா எழுதி, ஆபீஸ் கிளார்க்கிட்ட குடுத்துருவேன். வாரத்துக்கு ஒண்ணா போடுவான். நீ கவலைப்படுவியேன்னுதான்."

அவள் தட்டிலிருந்த திருகாணி ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நாலாவது முகாம்ல இருந்தப்ப, காய்ச்சல்ல மூணு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தீங்களே. அப்பவும் எனக்கு லெட்டர் வந்துச்சு."

"வந்திருக்கும்."

"'நல்லா சாப்பிடுறேன், பந்து விளையாடுறேன்'னு வந்துச்சு. அத நான் தலகாணிக்கு அடில வச்சுக்கிட்டுத் தூங்குனேங்க."

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய விஷயம். மனிதர் எதிரில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஆனாலும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அவர் சாகக் கிடந்தபோது அவள் தூங்கியிருக்கிறாள். தூங்க வைத்துவிட்டார். பயப்படுகிற உரிமையைக்கூட அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று கோபம் கோபமாக வந்தது. காப்பியை அவர் முன்னால் டக்கென்று வைத்தாள். பாதி தட்டில் சிந்தியது.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு முன்னால், தையல் கூடத்துக்கே போய், தனியாகக் கூப்பிட்டு.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை அவள் பூட்டை மூன்று தடவைக்குப் பதில் ஆறு தடவை இழுத்துப் பார்த்தாள். அடுப்பைப் பார்க்க இரண்டு தடவை திரும்பினாள். வழியில் என்ன வார்த்தை சொல்வது என்று யோசித்து யோசித்து நின்றாள். நூலகத்துக்கு வந்து சாவியைப் போடும்போது மணி ஒன்பது பத்து. பின்னால் யாரோ ஓடிவருகிற செருப்புச் சத்தம்.

டிரைவரின் மனைவி. சேலை முழுக்க நூல் பிசிறு, ஊசி இன்னும் முந்தானையில் குத்தியபடி. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, வரல. மணி ஒம்பது பத்து. இன்னும் வரலக்கா."

"உள்ள வாம்மா. மொதல்ல உக்காரு."

"எதுக்கு உக்காரணும்? எதுக்கு உக்காரச் சொல்றீங்க? ஏதாவது சொல்லி அனுப்பிருக்காங்களா?"

"இல்ல, இல்ல! அப்படி ஒண்ணும் இல்ல. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது." உஷ் ஆன்ட்டிக்கு யோசித்து வைத்திருந்த வார்த்தை அத்தனையும் பறந்துவிட்டது. "கதைய நான்தான் அனுப்பல. அது அங்கேர்ந்து வர்றதில்லம்மா. எட்டையும் அவரு போறதுக்கு முன்னாடியே இங்க உக்காந்து படிச்சிட்டுப் போனாரு. அந்தப் பின்னறைல. நான்தான் வாரம் ஒண்ணா அனுப்புறேன்."

டிரைவரின் மனைவி பின்னறைக் கதவைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"போன வெள்ளிக்கிழமை வந்தது?"

"அதுவும்தான்."

"வெயில்னு சொன்னாரே."

"நான்தான் சொல்லச் சொன்னேன். புள்ளைக்கு அப்பா பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்னு... திங்கக்கிழமை நீ கேட்டப்பவே சொல்லிருக்கணும். வாய் வரல. தப்பு என் மேலதான்."

அந்தப் பெண் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"எல்லாருக்கும் நான்தான் தைரியம் சொன்னேன். ஒவ்வொரு வீடா போய்ச் சொன்னேன். அவங்கள்லாம் முழிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க, நான் மட்டும் நல்லா தூங்குனேன்க்கா. எட்டு நாளா நல்லா தூங்குனேன்." முந்தானையிலிருந்த ஊசியைப் பிடுங்கினாள். "அவருக்காகக் கவலைப்படக்கூட விடலியே நீங்க."

அதே வார்த்தையை நேற்றுச் சாயங்காலம் உஷ் ஆன்ட்டியே மனசுக்குள் சொல்லியிருந்தாள்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"மூணு."

"அனுப்பாதீங்க."

"சரிம்மா."

விறுவிறுவென்று படியிறங்கியவள், பாதியில் நின்று திரும்பி வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அழிச்சிராதீங்க."

ஒருவேளை ஏதாவது ஆகியிருந்தால், அந்த மூன்றுதான் அவரிடமிருந்து இனி வரப்போகிற மிச்சம். அதை இரண்டு பேரும் அப்போது நினைத்தார்கள்.

சனிக்கிழமை அவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் உஷ் ஆன்ட்டி நினைத்திருந்தாள். வாலு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆமை ஆற்றங்கரையில் நிற்கிறது, எப்படிக் கடக்கப் போகிறது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. "கதை ஏன் வரல ஆன்ட்டி?" என்று கேட்டாள். "வரும்டா" என்று சொல்ல வாயெடுத்தவள், அம்மாக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியலடா கண்ணு" என்றாள். டிரைவரின் மனைவி சாலைத் திருப்பம் தெரிகிற சன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒரே நாளில் ஐந்து வயசு கூடின மாதிரி இருந்தாள்.

பதினொரு மணி இருக்கும். திருப்பத்தில் கறுப்புக் கார் வந்தது.

மெதுவாக வந்தது. குடியிருப்புப் பக்கம் திரும்பவில்லை. அலுவலகத்துக்கும் போகவில்லை. நூலகத்து வாசலில் வந்து நின்றது. கதவு திறந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முழுச் சீருடை, வெள்ளைக் கையுறை, மார்பில் பதக்கம்.

வீட்டில் ஆள் இல்லையென்றால் இருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு வருவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். டிரைவரின் மனைவி எழுந்து நின்றாள். ஒரு கை அலமாரியைப் பிடித்திருந்தது, இன்னொரு கையால் மகளின் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். உஷ் ஆன்ட்டி எப்படி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் நின்றால் மட்டும் என்ன நின்றுவிடப் போகிறது? ஆனாலும் நின்றாள்.

இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தான்.

"ஆன்ட்டி, இந்த வாரக் கணக்குக்கு இன்னைக்குத்தான கடைசி நாள்? ஆளுக்கு மூணு தவளை பாக்கி."

உஷ் ஆன்ட்டிக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "அறிவிருக்கா உங்களுக்கு? இந்த உடுப்பப் போட்டுக்கிட்டு, இந்தக் கார்ல, இந்த நேரத்துல யாராவது வருவாங்களா?" என்று அவள் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் புத்தகத்தைக் கீழே போட்டார்கள். அணிவகுப்பு ஒத்திகை முடிந்து அலுவலகக் காரிலேயே நேராக வந்திருந்த அந்த இரண்டு பேருக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. சன்னலோரம் நின்ற பெண்ணைப் பார்த்தபோது புரிந்தது. ஒருவன் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மன்னிச்சிருங்க அண்ணி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். தவளையைக்கூட வாங்காமல் போய்விட்டார்கள்.

டிரைவரின் மனைவி அப்படியே அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். உஷ் ஆன்ட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கும்போது தம்ளர் பல்லில் இடித்தது. இரண்டு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது, அவள் பையிலிருந்த கைபேசி அடித்தது.

நூலகச் சுவரில் 'கைபேசியை அணைத்துவிடவும்!!' என்று உஷ் ஆன்ட்டியே கைப்பட எழுதி ஒட்டியிருக்கிறாள், இரண்டு ஆச்சரியக்குறியோடு. கைபேசி அதற்கு நேர் கீழே அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத எண். டிரைவரின் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எடுத்துப் பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாலு பிடுங்கி விரலால் தேய்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

கரகரவென்று ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"கண்ணு, அப்பா பேசுறேன். சாப்பிட்டியா?"

டிரைவரின் மனைவியின் முகம் மலரவில்லை. கல்லாகிவிட்டது. அதே வார்த்தை, அதே வரிசை. ஐந்து வெள்ளிக்கிழமையும் தொடங்கின அதே தொடக்கம். அவள் மெதுவாகத் தலையைத் தூக்கி உஷ் ஆன்ட்டியைப் பார்த்த பார்வையை அந்த அம்மாள் சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள். இதுவும் நீங்கதானா என்று அந்தப் பார்வை கேட்டது.

உஷ் ஆன்ட்டி இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், ஒன்றுமில்லை பார் என்கிற மாதிரி. ஒரு கையில் காலித் தம்ளர் இருந்தது.

வாலுவுக்கு இது எதுவும் தெரியாது. அப்பா அடுத்து என்ன சொல்வார் என்று அவளுக்கு மனப்பாடம். அவர் சொல்வதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"அங்க நல்ல வெயிலாப்பா?"

"வெயிலா?" அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, நடுவில் இருமல். "வெயில எங்கடா பாத்தேன்! பத்து நாளா மழை. ஓயாத மழை. டவரு சாஞ்சு போச்சு, ரோடு போச்சு, அப்பா வண்டி சேத்துல மாட்டி கெடக்கு. எல்லாரும் நல்லாருக்கோம்னு அம்மாகிட்ட சொல்லு. கேக்குதா? மழைடா, மழை."

டிரைவரின் மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. அழுகையும் சிரிப்புமாக அந்த நூலகமே அதிரும்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. மற்ற அம்மாக்கள் ஓடிவந்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் வழக்கப்படி உஷ் ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

"மழையாம்க்கா" என்றாள் டிரைவரின் மனைவி, அவள் காலைக் கட்டிக்கொண்டு. "அங்க மழையாம்."